உலோகம் பொறுக்கும் புற்கள்

கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்களின் அருகே குவிந்து கிடக்கும் விஷம் தோய்ந்த கழிவு மண்ணை, அம்மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக முளைத்துப் பழகிய தாவரங்களைக் கொண்டு மூடி, காற்றும் மழைநீரும் அதனை அள்ளிச் செல்லாதவாறு ஸ்திரப்படுத்தும் முறைக்கு உரியவை உலோகம் பொறுக்கும் புற்கள். இம்முறை சாஸ்திரீயமாக உருப்பெற்ற பிரதேசங்களுள் வேல்ஸ் நாடு முக்கியமானது. அங்கே ஈயமும் துத்தநாகமும் எடுக்கப்பட்ட மலைச்சரிவுகளில், தாதுவை நொறுக்கிப் பிரித்தபின் எஞ்சிய மணல் போன்ற பொடி, சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் காற்றில் பறந்தும் ஆறுகளில் கரைந்தும் சுற்றுப்புறத்தைக் கெடுத்துவந்தது.

கோகினன் என்ற ஈயச் சுரங்கத்தின் கழிவில் வளர்ந்த அக்ராஸ்டிஸ் புல் அதே கழிவில் நன்கு தழைக்க, சற்றுத் தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்திலிருந்து கொணர்ந்து நட்ட அதே ஜாதிப் புல் பட்டுப்போனதைத் தாவரவியல் அறிஞர் ஆன்டனி பிராட்ஷா 1952இல் வெளியிட்டார். சாதாரணப் புல்லின் விதைகளை இத்தகைய மண்ணில் தூவினால் பல நூறு முளைத்து மடிய, மிகச் சிலவே பிழைக்கின்றன; அவற்றின் சந்ததியே நாளடைவில் கழிவு மேட்டைப் பிடித்துக்கொள்கிறது. அண்டையிலுள்ள புல்லின் மகரந்தம் ஓயாமல் வந்து கலந்தும் உலோகம் பொறுக்கும் இக்குணம் அழியவில்லை. சுரங்கப் புற்கள் சில நாட்கள் முந்திப் பூப்பது அதற்கு ஒரு துணை.

இக்குணத்தை அளக்கும் பரிசோதனை எளிது. புல்லின் தூர்களைப் பிரித்து, உலோகம் கலந்த கரைசலில் சிலவற்றையும் கலவாத கரைசலில் சிலவற்றையும் நிறுத்தி, சில நாட்களில் வேர்கள் நீண்ட அளவை ஒப்பிட வேண்டும்; பொறுக்கமாட்டாத புல்லின் வேர் விஷக் கரைசலில் நீள்வதை நிறுத்திவிடும்.

லிவர்பூல் சர்வகலாசாலையில் பிராட்ஷாவும் அவர் சகாக்களும் தேர்ந்தெடுத்த மூன்று வகைகள் வணிக விதைகளாகவே வெளிவந்தன: அமிலத்தன்மையுள்ள ஈய, துத்தநாகக் கழிவுக்குக் 'கோகினன்', செம்புக் கழிவுக்குப் 'பாரிஸ்', சுண்ணாம்பு கலந்த ஈய, துத்தநாகக் கழிவுக்கு 'மெர்லின்'. (பாரிஸ் என்பது பிரான்சின் தலைநகரன்று; ஆங்கிள்சீ தீவிலுள்ள செம்பு மலை.) ஓர் உலோகத்தைப் பொறுக்கும் புல் வேறோர் உலோகத்தையும் பொறுக்கும் என்பதற்கு உறுதியில்லை, ஆகவே மண்ணைச் சோதியாமல் விதைப்பது வீண்செலவு.

இவ்வாறு புல் வளர்ப்பதை மண்ணின் சுத்திகரிப்பு என்று எண்ணுவது பிழை. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கி, மேலே சிறிதளவே ஏறுகிறது. நஞ்சு மண்ணைவிட்டு அகல்வதில்லை. எனவே ஆடுமாடுகள் மேயாதபடி வேலி அவசியமாகிறது. மேலும் இக்கழிவில் தழைச்சத்தும் மணிச்சத்தும் அறவே குறைவு. தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் குளோவர் செடியோ உலோகத்தைத் தாங்குவதில்லை. ஆதலால், உரமிட்ட ஆண்டுகளில் பசுமையாகத் தோன்றும் போர்வை, உரம் நின்றதும் மெலிகிறது.

பழைய மேடுகள் சிலவற்றில் வேறெங்கும் அருகியே காணப்படும், உலோக மண்ணுக்கே உரிய தாவரங்கள் தாமாகவே குடியேறியிருப்பதால், அவற்றைக் காக்கும்பொருட்டு அங்கெல்லாம் மண் பரப்பாமலும் உரமிடாமலும் விட்டுவைக்கிறார்கள்.