இயற்கை அரிசிக்கு ஏன் இவ்ளோ விலை? தஞ்சாவூர் வயல் சொல்லும் கணக்கு

மாப்பிள்ளைச் சம்பா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, விலையைக் கண்டு ஜெர்க் ஆகியிருக்கீங்களா? அந்த விலைக்கான காரணம் காவிரி டெல்டா வயல்ல இருக்கு.

ரசாயன உரம் டெல்டாவுக்கு வில்லனாக வரலை. 1960-களில் நாட்டில் உணவுப் பற்றாக்குறை. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்வான மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒண்ணு. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி 27 ரகமும் உரமும் சேர்ந்து விளைச்சலைக் கூட்டின. ஆனா, பல பாரம்பரிய ரகங்கள் வயலைவிட்டே காணாமப் போயின.

அவற்றைத் தேடிப் பிடித்தவர் திருத்துறைப்பூண்டி 'நெல்' ஜெயராமன். நம்மாழ்வாரின் சீடரான இவர், 2006 முதல் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். 2 கிலோ விதை வாங்கினா, அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பித் தரணும். இப்படியே 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் மீண்டன.

உரக் கணக்கு

45 கிலோ யூரியா மூட்டையில் சுமார் 20 கிலோ நைட்ரஜன் இருக்கு. மானியத்தில் விலை 300 ரூபாய்க்கும் குறைவு. அதே நைட்ரஜனைத் தொழுவுரத்தில் கொடுக்க ஏறக்குறைய 4 டன் வேணும். மாடு குறைஞ்ச ஊர்ல அதுக்கு எங்கே போறது? தக்கைப்பூண்டு விதைச்சு, பூக்கும் நேரத்துல மடக்கி உழுதா ஓரளவு ஈடுகட்டலாம். ஆனா, அதுக்கு ஒன்றரை மாசமும் தண்ணியும் வேணும். மேட்டூர் அணை திறப்பு தள்ளிப்போனா அந்தக் கணக்கும் தப்பும்.

அந்த ரெண்டு வருஷம்

நெல் வயலுக்கு இயற்கைச் சான்றிதழ் கிடைக்க வழக்கமா 2 வருஷ மாற்றுக்காலம் உண்டு. விளைச்சல் குறையலாம், 'இயற்கை'ன்னு முத்திரை போட்டு விற்கவும் முடியாது. அந்த நஷ்டத்தைத் தாங்க குத்தகை விவசாயிக்குத் தெம்பு இருக்காது. ஒரே ராத்திரியில் மாறினா என்னாகும்? இலங்கை 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் தடை பண்ணியது. நெல் விளைச்சல் சரிய, சில மாசத்திலேயே பின்வாங்கியது.

அதுக்காக யூரியாவே கதின்னும் இருக்க முடியாது. அளவுக்கு மீறிப் போட்டா பயிர் கொழுத்துப் புகையான் பூச்சியைக் கூப்பிடும். அப்புறம் மருந்துச் செலவு.

வாங்கும்போது கவனிங்க

பாரம்பரிய ரகம் வேற, இயற்கை முறை வேற. மாப்பிள்ளைச் சம்பாவையும் யூரியா போட்டு வளர்க்கலாம். பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கான்னு பாருங்க. நேரடியா விவசாயிகிட்ட வாங்கினா, 'என்ன உரம், எத்தனை வருஷமா?'ன்னு கேளுங்க. பதில் திருப்தியா இருந்தா, பேரம் பேசாம வாங்குங்க. அந்தக் கூடுதல் காசுதான் அவர் அடுத்த போகமும் இதே முறையில் நடவு செய்யத் தெம்பு கொடுக்கும்.