பெயரைக் காத்த ஊர்

பெயர் என்பது அழைப்பதற்கு மட்டும் உரியதன்று, நம்புவதற்கும் உரியது. பண்டிகைக் காலத்தில் கடைக்குச் செல்வோர் பண்டத்தைச் சுவைத்துப் பார்த்து வாங்குவதில்லை. பெயரை நம்பியே வாங்குகின்றனர். எனவே, நற்பெயரைக் காப்பதும் சட்டத்தின் கடமையாயிற்று. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து 'ஷ்டொல்லன்' ரொட்டியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

உலர்திராட்சையும் வாதுமையும் நிறைந்து, மேலே சர்க்கரைத் தூள் போர்த்திய இந்தக் கிறிஸ்துமஸ் ரொட்டி, தொடக்கத்தில் எளிய நோன்புணவாகவே இருந்தது. கிறிஸ்துமசுக்கு முந்திய நோன்பு நாள்களில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்தது. சாக்சனி ஆட்சியாளரின் வேண்டுகோளுக்கிணங்கி, போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் 1491-ஆம் ஆண்டில் அதற்கு இசைவளித்தார். அந்த ஆணை 'வெண்ணெய் மடல்' என்றே வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1434-இல் தொடங்கிய டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தையும் 'ஷ்ட்ரீட்செல்' என்னும் இந்த ரொட்டியின் பழம்பெயரையே தாங்கி நிற்கிறது.

புகழ் வளர வளரச் சிக்கலும் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி இரண்டாயிற்று. டிரெஸ்டன் கிழக்கில் இருந்தது. அதன் பெயர் தாங்கிய ரொட்டியோ மேற்கிலும் விற்பனையாயிற்று. அது ஊரைக் குறிக்கும் பெயரா, ரொட்டி வகையைக் குறிக்கும் பொதுப்பெயரா? பொதுப்பெயரெனில் எவரும் ஆளலாம். ஊர்ப்பெயரெனில் அவ்வூர்த் தொழிலாளர்க்கே அஃது உரியது. 1980-களில் இவ்வினா மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1990-இல் நாடு மீண்டும் ஒன்றாயிற்று. மறு ஆண்டே டிரெஸ்டன் ரொட்டித் தொழிலாளர் பெயர்க் காப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயருக்குப் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அன்று முதல் டிரெஸ்டனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் விதிப்படி சுடப்படுவதே அப்பெயரைப் பெறும். நூறு கிலோ மாவுக்கு ஐம்பது கிலோவேனும் வெண்ணெய் சேர்த்தல் வேண்டும், மார்ஜரின் கூடாது. ஒரு காலத்தில் விலக்கப்பட்ட வெண்ணெயே பிற்காலத்தில் கட்டாயமாயிற்று!

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இப்பெயர் தனியொரு முதலாளியின் உடைமையன்று. ஓர் ஊரின் கூட்டுடைமை. அவ்வுரிமையுடன் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. சட்டம் பெயரைப் பிறரிடமிருந்து காக்கலாம்; அதன் தரத்தைக் காக்க வேண்டியவர்கள் அப்பெயருக்கு உரியவர்களே ஆவர்.