போரின்றி ஒழிந்ததா அடிமை முறை?

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்கு நீங்கள் சென்றிருக்கலாம். அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் நிலம் கொடுத்ததையும் விளக்கெரிக்க வழி செய்ததையும் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று, கோயிலுக்கு நெல் குற்றுவதற்காகப் பெண்கள் கொடுக்கப்பட்ட செய்தியைச் சொல்லுகிறது. அவர்கள் மட்டுமல்லர், அவர்களுடைய வழியினரும் சேர்த்தே கொடுக்கப்பட்டனர். இன்னும் பிறவாத குழந்தையின் உழைப்பும் அன்றே எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது!

சற்று வடக்கே பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டியிருந்தனர். பஞ்சம் வந்தபோதெல்லாம், பிழைக்க வழியற்றவர்களை மலிவாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர்.

அடிமை முறை என்றதும் நம் பாடநூல்கள் அமெரிக்காவையே காட்டுகின்றன. 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டின் 3 கோடியே 14 லட்சம் மக்களில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகள். தெற்கே 11 மாநிலங்கள் பிரிந்து சென்றன. 1861 ஏப்ரலில் போர் மூண்டது. நான்கு ஆண்டுகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்வீரர்கள் மாண்டனர். அதன் பிறகே, 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

அந்தப் போரின் அலை நம் கரையிலும் மோதியது. வடபகுதிக் கடற்படை தென்பகுதித் துறைமுகங்களை முற்றுகையிட்டதால், இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிடைக்கவில்லை. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. இராயபுரத்தில் 1856இலேயே ரயில் நிலையம் திறந்துவிட்டார்கள். துறைமுகம்தான் இன்னும் கட்டப்படவில்லை. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலையைக் கடந்து சரக்கைக் கப்பலுக்குக் கொண்டுசென்றன. போர் முடிந்ததும் விலை சரிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழவில்லையா? நம் நாட்டிலும் அடிமைகள் இருந்தார்களே. அதற்காகப் போர் ஏதும் நடக்கவில்லையே, ஏன்?

இங்கே நடந்தது இதுதான். பிரிட்டிஷ் பார்லிமெண்டு 1833இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட இந்தியாவுக்கு விலக்களித்தது. பத்தாண்டு கழித்து, 1843 ஏப்ரலில், இந்தியாவுக்கென 5ஆம் சட்டம் வந்தது. மொத்தம் நான்கே பிரிவுகள்! தீர்ப்பை நிறைவேற்றவோ வரிப் பாக்கிக்காகவோ அதிகாரிகள் அடிமைகளை விற்கக்கூடாது. அடிமை மீதான உரிமையைக் கோர்ட்டு ஏற்காது. அடிமை என்று சொல்லி ஒருவர் தேடிய சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திரமானவருக்குச் செய்தால் குற்றமாகும் எச்செயலும் அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. அவ்வளவுதான். ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமானது, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தினால்தான்.

அமெரிக்கத் தோட்ட முதலாளிக்கு அடிமையே பெரும் மூலதனம். அவன் கையில் மாநில அரசும் படையும் இருந்தன. நம் மிராசுதாருக்குப் படை இல்லை. அதைவிட முக்கியமான காரணம், போராட வேண்டிய அளவுக்கு அவர் எதையும் இழக்கவில்லை என்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கு வேண்டியிருந்தது ஆளின் மீது பத்திரமன்று. நாற்றுநடவுக்கும் அறுவடைக்கும் தவறாமல் வந்து நிற்கும் கை. நிலமற்ற பண்ணையாளுக்குக் குடியிருக்கும் மனையும் எசமானுடையது. மகன் திருமணத்துக்கு வாங்கிய சிறு கடன் போதும், தந்தையும் பிறகு மகனும் அதே வயலில் நிற்பதற்கு. அதிகாரிகளுக்கும் இது தெரியும். நன்செய் வரி குறைந்துவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. (போருக்குப் பின் அமெரிக்கத் தெற்கிலும் விடுதலை பெற்றவர்களைக் குத்தகைக் கடன் அதே பருத்திக் காட்டில் கட்டிப்போட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.)

கடனால் கட்டும் இந்த முறையைத் தொட்ட சட்டம், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976இல்தான் வந்தது. 1843க்கும் அதற்கும் இடையே 133 ஆண்டுகள். அதன் பிறகும், இந்த நூற்றாண்டிலேயே, திருவொற்றியூரை அடுத்துள்ள திருவள்ளூர் மாவட்ட அரிசி ஆலைகளிலிருந்து இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். முன்பணமாக வாங்கிய கடனுக்காக, பிள்ளைகுட்டிகளோடு ஆலைக்குள்ளேயே தங்கி, அவர்கள் நெல் அவித்துக் களத்தில் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.