புகைக்கூண்டுக்கு ஒரு தொப்பி

'சிம்னி' என்ற சொல் தமிழுக்குள் மூன்று வழிகளில் வந்து சேர்ந்தது. முதலில் மண்ணெண்ணெய் விளக்கோட கண்ணாடிக் கூடாக வந்தது. நம் பாட்டிகள் தினமும் சாயங்காலம் சாம்பல் போட்டுத் துடைத்து வைத்த சிம்னி அதுதான். இரண்டாவது, ஊட்டியிலும் ஏற்காட்டிலும் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களின் கூரைக்கு மேல் நிற்கும் செங்கல் தூண். மூன்றாவது, இன்றைக்கு ஷோரூமில் தவணை முறையில் கிடைக்கும் மின்சாரச் சிம்னி. இந்த மூன்றுக்கும் நடுவே நான்காவதாக ஒன்று உண்டு. மண் அடுப்பின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, கூரையைத் துளைத்து வெளியே எட்டிப் பார்க்கும் மூன்று நான்கு அங்குலக் குழாய். அரசு ஆவணங்களில் அதன் பெயர் 'புகையில்லா அடுப்பு'. அந்தக் குழாயின் தலையில் இருந்த சின்னத் தொப்பியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு தொப்பிக்கு என்ன பெரிய வரலாறு என்று தோன்றலாம். புகைபோக்கியில் முதலில் கெட்டுப்போகும் உறுப்பு அதுதான். அது கெட்டால் மழை உள்ளே இறங்கும், காற்று திரும்பி அடிக்கும், வெளியே போன புகை வீட்டுக்கே வரும். ஆனால், அதைச் சரிபார்க்க யாராவது ஒருவர் கூரை ஏற வேண்டும். யார் ஏறுவது என்ற கேள்வியில்தான் இந்த வரலாறு முழுக்கச் சிக்கிக் கிடக்கிறது.

நம் ஊர் வீடுகளில் பங்களா மாதிரியான புகைக்கூண்டு ஏன் இல்லை? காரணம் எளிது. வீட்டைச் சூடாக்க நமக்கு நெருப்பு தேவைப்படவில்லை, சமைக்க மட்டுமே தேவைப்பட்டது. முற்றம் வைத்த வீடுகளில் புகை முற்றம் வழியாகப் போனது. ஓட்டு வீடுகளில் ஓடுகளின் இடுக்கு போதுமாக இருந்தது. கொஞ்சம் வசதியான வீடுகளில் அடுக்களைக் கூரையை மட்டும் ஓரடி உயர்த்தி, பக்கவாட்டில் திறப்பு விட்டு, மேலே ஒரு சிறு கூரை போட்டார்கள். புகைக்கூண்டு என்று நம் கொத்தனார்கள் சொன்னது அதைத்தான். அந்தக் குட்டிக் கூரையே அதற்குத் தொப்பி. கூரை வீட்டில் இதுவும் கிடையாது. புகை மெதுவாகக் கூரை வழியே கசிந்து வெளியேறும்.

அது வெறும் இல்லாமை மட்டுமல்ல. கல்வராயன் மலையை எடுத்துக்கொள்வோம். சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் அதைவிட உயரம். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் மலையாள மொழிக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களுடைய வழிக்கதை சொல்கிறது. மண்சுவர், மேலே புல் வேய்ந்த கூரை, உள்ளே அடுப்பு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை இது. அடுப்புப் புகை ஏறிய புல்லை பூச்சி அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட விதைக்கதிர் வண்டு விழாமல் அடுத்த பருவம் வரை நிற்கும். ஆக, புகை கூரைக்கும் விதைக்கும் நல்லது செய்தது. அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் கெட்டது செய்தது.

அந்தக் கெடுதலை நாம் அழகாகவும் பார்த்திருக்கிறோம். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில், புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் தயிர்க்குழம்பு வைக்கிறாள், மை தீட்டிய கண்ணில் தாளிப்புப் புகை நிறைகிறது. இனிது என்று சொல்லிக் கணவன் சாப்பிட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் எழுதிய அருமையான பாட்டு. ஆனால் அந்தப் புகை எங்கே போனது என்று இரண்டாயிரம் வருடம் நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பக்கத்து மலைக்குப் போவோம். கல்வராயனுக்கு மேற்கே சேர்வராயன் மலை. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதே காலத்தில் நீலகிரியில் ஜான் சல்லிவன் ஸ்டோன் ஹவுஸைக் கட்டினார். இன்று அது ஊட்டி அரசுக் கலைக்கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. இந்த மலைகளில் கணப்பு அடுப்பும் செங்கல் சிம்னியும் எழுந்தன. கல்வராயன் அப்படிக் குளிர்வாசஸ்தலம் ஆகவில்லை. அங்கே நிலம் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசு அந்த ஜாகிர்களை எடுத்துக்கொண்டது. ஒரே மாதிரி மலைகள்தான். ஒன்றில் கூரைக்கு மேல் புகைக்கூண்டு நின்றது, இன்னொன்றில் கூரையே புகைக்கூண்டாக இருந்தது.

செங்கல் சிம்னியின் உச்சியைக் கட்டுவது தனி வேலை. கடைசி வரிசைச் செங்கல்லுக்கு மேல், நாலாபக்கமும் சரிவாக ஒரு காரைப்பலகை போடுவார்கள். கிரீடம் மாதிரி உட்கார்ந்திருக்கும். அது சுவரைத் தாண்டி இரண்டு அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். விளிம்புக்கு அடியில் ஒரு பள்ளக்கோடு ஓட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் சுவரில் ஒழுகாமல் கீழே சொட்டும். நடுவில் புகை வரும் வாய்க்கு மேல் தகரத்திலோ சுட்ட மண்ணிலோ ஒரு தொப்பி வைப்பார்கள். காரைப்பலகையில் மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தால் போதும். ஒரு மழைக்காலம் தண்ணீர் குடிக்கும், அடுத்த மழைக்காலத்தில் அந்த வெடிப்பில் ஓர் அரசங்கன்று தளிர்க்கும். காக்கை போட்ட விதை. மூன்றாவது வருடம் அதன் வேர் செங்கல்லைப் பிளக்கும்.

பழைய கட்டடத்தில் சுண்ணாம்புக் காரை இருந்தால் சுண்ணாம்பு வைத்தே பூசணும் என்று விஷயம் தெரிந்த கொத்தனார் சொல்வார். ஏன்னா, கெட்டியான சிமென்ட் பூச்சு உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. மேலே பார்க்க உறுதியாக இருக்கும், அடியில் செங்கல் உப்பிப் பொடியும். வேரைக் களையாமல் மேலே பூசுவதும் இதே தப்புதான், மூடின இடத்துக்குள்ளேயே அது வளரும்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இங்கிலாந்தில் அந்த ஆள் பல காலம் ஒரு சிறுவனாக இருந்தான். குறுகலான குழாய்க்குள் நுழைந்து கரியைச் சுரண்டுவதற்கு ஆறேழு வயதுப் பிள்ளைகளை ஏற்றினார்கள். அப்படி வளர்ந்தவர்களுக்கு வந்த புற்றுநோயை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் பதிவு செய்தார். ஒரு தொழிலும் ஒரு புற்றுநோயும் மருத்துவ வரலாற்றில் முதன்முதலாக இணைத்துச் சொல்லப்பட்டது அங்கேதான். ஆனாலும் பிள்ளைகளை ஏற்றுவது நிற்க இன்னும் நூறு வருடம் ஆனது. 1875-இல் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் குழாயில் சிக்கி இறந்த பிறகே அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டிய சட்டம் வந்தது.

புகைபோக்கி என்பது புகையை ஒழிக்கும் கருவி அல்ல. அது புகையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பாதையைத் திறந்து வைத்திருக்க யாரோ ஒருவர் தன் உடம்பைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே அது பிள்ளையின் உடம்பு. இங்கே பெண்ணின் உடம்பு.

இங்கே அந்த உடம்பைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்களில் காந்தியர்கள் உண்டு. வார்தாவின் மகன்வாடியில், தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வளர்த்த கிராமத் தொழில் இயக்கத்திலிருந்து 1947-இல் 'மகன் சுல்லா' என்ற அடுப்பு வந்தது. அடுத்து, ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு ஓர் அடுப்பை வடிவமைத்து, லட்சக்கணக்கான அடுக்களைகளைப் புகையிலிருந்து விடுவிப்பது பற்றி 1953-இல் ஒரு சிறு நூலே எழுதினார். அது சென்னையில்தான் அச்சானது. அடுப்பு மண்ணால் ஆனது, வீட்டுப் பெண்களே செய்துகொள்ளலாம். கூரைக்கு மேலே போக ஒரு குழாய்.

1983-இல் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக எடுத்துக்கொண்டது. 2002-இல் அது நிறுத்தப்படும்வரை மூன்று கோடிக்கும் அதிகமான அடுப்புகள் கட்டப்பட்டதாகக் கணக்கு. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்து வீடுகளில் புகையில்லா அடுப்பும் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. கட்டிய எண்ணிக்கை வருடா வருடம் மேலே போனது. பல வீடுகளில் அடுப்பு வருடக்கணக்கில்கூட நிற்கவில்லை.

குழாயைத் தொட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். ஈர விறகு எரியும்போது கரியோடு தார் மாதிரி ஒரு பிசினும் கிளம்பும். குழாய் மேலே போகப் போகச் சூடு குறையும், பிசின் உள்சுவரில் படியும். அதிகமாகப் படியும் இடங்களில் ஒன்று தொப்பிக்கு அடி. நான்கு அங்குலத் துவாரம் மெல்ல மெல்ல இரண்டு அங்குலமாகச் சுருங்கும். அப்புறம் புகை மேலே போகாது, விறகு வைக்கும் வாய் வழியாகவே வெளியே வரும். 'இந்த அடுப்பு சரியா எரியலை' என்ற பேச்சு அங்கே தொடங்கும். பின்பக்கத்துக் குழாயைப் பிடுங்கிவிட்டு, பழைய மாதிரியே சமைப்பார்கள்.

கூரை வீட்டில் இன்னொரு சங்கடம். குழாய்க்காகக் கூரையில் போட்ட ஓட்டை. ஐப்பசி மழையில் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அடுப்பே கரையும். தொப்பி காற்றில் பறந்து போயிருந்தால் மழை நேராகக் குழாய்க்குள் விழும். சூடான குழாய் புல்லை உரசிக்கொண்டிருந்தால் நெருப்புப் பயம் வேறு. ஒரு வீட்டில் எது முக்கியம், ஒழுகாத கூரையா, புகையில்லாத அடுக்களையா? முடிவு செய்கிறவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

ஒடிசாவில் 44 கிராமங்களில், ஏறத்தாழ 2,600 குடும்பங்களிடையே ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலாளர்கள் இப்படிப்பட்ட அடுப்புகளைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2016-இல் ஆய்விதழில் வந்தன. முதல் வருடம் சமைப்பவர்கள் சுவாசிக்கும் புகை குறைந்தது. அடுத்தடுத்த வருடங்களில் அந்தப் பலன் மறைந்துபோனது. ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை, பராமரிக்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆய்வகத்தில் ஜெயித்த அடுப்பு வீட்டில் தோற்றது.

'ஜனங்களுக்கு அக்கறை இல்லை' என்று இதைப் படிப்பது சுலபம். எனக்கு அது அநியாயமாகத் தோன்றுகிறது. குழாயின் கீழ்முனை அடுக்களையில் இருக்கிறது, மேல்முனை கூரையில் இருக்கிறது. கீழ்முனையில் இருப்பவள் பெண். கூரை ஏறுவது நம் ஊரில் ஆண் செய்யும் வேலை. ஏணி வைத்து முகட்டில் ஏறிக் கம்பை விட்டுக் குழாயைக் குடைவதற்கு அவள் அவனைக் கேட்க வேண்டும். அவனுக்குக் கண் எரியவில்லை. கூரை மேயும் வேலைக்கு ஒரு பருவம் உண்டு, கூலி உண்டு, ஊரில் அதற்கென ஆட்கள் உண்டு. குழாய் குடையும் வேலைக்கு எதுவும் இல்லை. அது யாருடைய வேலையாகவும் ஆகவில்லை.

வேலை என்று பார்த்தால் பெரிதில்லை. நீளமான மூங்கில் நுனியில் தென்னை நாரையோ சாக்கையோ கட்டி மாதம் ஒருமுறை குழாயைத் துடைத்தால் போதும். அடுப்பு அணைந்து ஆறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கூரைக்கு மேல் குழாய் இரண்டடியாவது நீண்டிருக்கணும், இல்லைன்னா முகட்டைத் தாண்டி வரும் காற்று புகையைத் திருப்பி அமுக்கிவிடும். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே நாலு விரல் இடைவெளி வேண்டும். தகரத் தொப்பி துருப்பிடித்துப் போனால், பக்கங்களில் துளை போட்ட மண்சட்டியைக் கவிழ்த்தாலும் வேலை நடக்கும். பழைய கல்நார்க் குழாயாக இருந்தால் மட்டும் அறுக்கவோ சுரண்டவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குப் புகையைவிட மோசமான எதிரி. அதைக் கழற்றி மண் குழாயோ தகரக் குழாயோ மாற்றுவதுதான் சரி.

இப்போதுதான் காஸ் வந்துவிட்டதே என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் இலவச காஸ் அடுப்புத் திட்டம் 2006 தேர்தலுக்குப் பிறகு வந்தது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கியது. பெரிய மாற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் சிலிண்டர் காசுக்கு வரும், விறகு காட்டில் கிடக்கும். டீ போட காஸ், வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விசேஷச் சமையலுக்கும் விறகு என்று இரண்டும் ஓடும் வீடுகள் நிறைய. வீட்டுக்குள் எரியும் புகையால் உலகில் 2020-இல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கல்வராயன் மலைக்குத் தனி வட்டமும் உண்டு, வெள்ளிமலையில் அலுவலகம். புல் கூரைகள் போய் கான்கிரீட் வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். புல் கூரை கசிய விட்ட புகையைக் கான்கிரீட் தளம் கசிய விடாது. அந்த வீட்டுக்குள் விறகு எரித்தால் குடிசையில் எரித்ததைவிடப் புகை அதிகமாகத் தங்கும். ஆக, கான்கிரீட் வந்தபிறகுதான் புகைபோக்கி உண்மையிலேயே தேவைப்படுகிறது. தளத்தில் ஓட்டை போட்டுக் குழாய் இறக்கினால், அதைச் சுற்றிச் சரிவாக ஒரு காரைக் கிரீடம் கட்டணும், மேலே தொப்பி வைக்கணும். ஏற்காட்டு பங்களாவின் கொத்தனாருக்குத் தெரிந்த அதே பாடம் இப்போது கல்வராயன் வீட்டுக்கும் வேண்டியிருக்கிறது.

வீடு கட்டினால் அரசுக் கணக்கில் ஓர் எண் ஏறும். அடுப்பு கொடுத்தால் இன்னோர் எண். தொப்பியைச் சரிசெய்தால் எந்த எண்ணும் ஏறாது, அதைத் திறந்து வைக்க எந்த அமைச்சரும் வரப்போவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை, ஆடிக்காற்றுக்கு முன்னாலும் ஐப்பசி மழைக்கு முன்னாலும், ஒவ்வொரு ஊரிலும் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூரை ஏற்றினால் ஆகிற செலவு எவ்வளவு இருக்கும்? மூன்று கோடி அடுப்புகளைக் கட்டி இடிய விட்ட செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.