வேடம் புனைந்த அறிவியல்

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயரிலேயே புனித இராயப்பர் குடிகொண்டிருக்கிறார். அந்தக் கரையிலிருந்து தெற்கே முத்துக்குளித்துறை வரையிலும், கடல் கடந்து மன்னார், யாழ்ப்பாணம் வரையிலும் வாழ்ந்த நம் முன்னோருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். எனினும் புனித எஸ்தாக்கியாரின் சோதனைகளை அவர்கள் அறிந்திருந்தனர். ஞானசவுந்தரியின் கண்ணீரையும் அறிந்திருந்தனர். வாசாப்பும் நாட்டுக்கூத்தும் அவர்களுக்கு மறைக்கல்வி நூல்களாக அமைந்தன. பகலில் வலை இழுத்தவர் இரவில் முடிசூடி அரசராக நின்றார். வேடம் தாங்கியவர் தாம் ஏற்ற பாத்திரத்தின் வாழ்வைத் தம் சொந்தக் குரலில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் பார்த்தவரைவிட ஆடியவரே ஆழமாகக் கற்றனர்.

விசுவாசத்தை இவ்வாறு கற்பிக்கலாம். அறிவியலை இவ்வாறு கற்பிக்க இயலுமா? உயர்நிலைப் பள்ளி மாணவன் அட்டைத் தொப்பி அணிந்து அணுவாக ஆடினால் பாடம் ஏறுமா, பொழுதுதான் வீணாகுமா? பெற்றோர் பலர் எழுப்பும் இவ்வினா நியாயமானதே. வரலாறு இதற்கு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

இலண்டன் மாநகரிலுள்ள இராயல் நிறுவனத்தில் 1825-ஆம் ஆண்டு இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. அவற்றை வளர்த்த மைக்கேல் ஃபாரடே கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். எரியும் ஒரு மெழுகுவர்த்தியை முன்னே வைத்துக்கொண்டே வேதியியலின் பெரும் உண்மைகளைச் சிறுவருக்கு அவர் விளக்கினார். நம் நாட்டில் அவ்வழியே சென்றவர், பெல்ஜியத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி அருள்தந்தை யூஜின் லாஃபோன். 1865-இல் கல்கத்தா வந்து புனித சவேரியார் கல்லூரியில் பணியாற்றிய அவர், ஒளி, ஒலி, மின்சாரம் ஆகியவற்றைக் கண்முன் நிகழ்த்திக் காட்டியே கற்பித்தார். ஜகதீச சந்திர போஸ் அவருடைய மாணவர். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது, அவருக்கு உறுதுணையாய் நின்றவரும் இத்துறவியே. அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் 1928-இல் நம் சர் சி. வி. இராமன் தம் புகழ்பெற்ற கண்டுபிடிப்பை நிகழ்த்தினார்.

ஆயினும் அந்த அரங்குகளில் செய்தவர் ஆசிரியர், பார்த்தவரே மாணவர். உழைக்கும் மக்கள் அங்கே வரவுமில்லை. இக்குறையை நீக்க, அறிவியல் தெருவிற்கு இறங்கி வர வேண்டியிருந்தது. கேரளத்தில் 1962-இல் தோன்றிய சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980 முதல் கலைப்பயணங்களை நடத்தத் தொடங்கியது. அதே 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பிறந்தது. கலைக்குழுவினருக்குத் திரையோ ஒப்பனை அறையோ தேவைப்படவில்லை. தோளில் கிடந்த துண்டு தலையில் ஏறினால் உழவர், இடுப்பில் இறங்கினால் பணியாளர், கழுத்தைச் சுற்றினால் மருத்துவர். நம் கூத்து மரபின் பிள்ளைகளே அவர்கள்.

இம்முயற்சிக்கு அவசரம் சேர்த்தது ஒரு பெருந்துயரம். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, போபால் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவாயு கசிந்தது. சுற்றிலும் வாழ்ந்த ஏழை மக்களுக்கு அந்த வாயுவின் பெயரும் தெரியாது; அதனிடமிருந்து தப்பும் வழியும் தெரியாது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1987 அக்டோபர் 2 அன்று நாட்டின் பல முனைகளிலிருந்து புறப்பட்ட மக்கள் அறிவியல் கலைப்பயணம், இராமனின் பிறந்த நாளான நவம்பர் 7 அன்று அதே போபாலில் நிறைவுற்றது. அறிவியல் மக்களுக்கு மறைக்கப்பட்ட இடத்திற்கே, ஆடலும் பாடலுமாக அறிவியலைக் கொண்டு சேர்த்த பயணம் அது. பின்னர் 1990-களில் அறிவொளி இயக்கம் தமிழக ஊர்கள்தோறும் இதே கலைவடிவத்தைக் கைக்கொண்டது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட வானவில் மன்றங்கள், செய்து கற்கும் அந்த ஆர்வத்தையே வகுப்பறைக்குள் கொண்டுவர முயல்கின்றன.

போபால் நமக்குத் தொலைவன்று. 2023 டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவின் மகிழ்ச்சி தணியாத வேளையில், பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியாவின் வாய்பாடு பள்ளிப் பாடநூலில் உள்ளது. ஆயினும் தேர்வுக்காக மனனம் செய்த வாய்பாடு, நள்ளிரவில் எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்லித் தராது.

ஒரு மாணவி நீல மேலாடை அணிந்து நைட்ரசனாக நிற்கட்டும். மூவர் வெள்ளைத் தொப்பியுடன் ஹைட்ரசனாக அவள் கைகளைப் பற்றட்டும். அம்மோனியா உருவாகிவிட்டது. நீர்த்துளி வேடத்தில் வருவோர் அவர்களை விரைந்து தம்மோடு இழுத்துக்கொள்ளட்டும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டியதன் காரணம் விளங்கும். அம்மோனியாவின் எடை எண் 17, காற்றின் சராசரி 29, போபால் வாயுவினுடையது 57. போபாலில் நச்சு ஏன் தரையோடு தவழ்ந்தது என்பதை இம்மூன்று எண்களே நடித்துக் காட்டும். அம்மோனியா இலேசானதாயினும், குளிர்ந்து ஈரத்தோடு கலந்தால் அதுவும் தரையோடு தவழும் என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். இனி ஒருவன் காற்றாக வீசட்டும். காற்றுக்குக் குறுக்கே விலகியவர் பிழைப்பர், காற்று வீசும் திசையிலேயே ஓடியவரை வாயு பின்தொடரும். அரை மணி நேர விளையாட்டில் இத்தனையும் உடலில் பதிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாடகைக்கு எடுத்த ஆடை, பெற்றோர் எழுதித் தந்த நான்கு வரி, நடுவர் கையில் பரிசுக் கோப்பை என்று முடியும் மாறுவேடப் போட்டியை நாம் இங்கே பரிந்துரைக்கவில்லை. அதில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வெல்லும், அறிவியல் தோற்கும். வேடத்தைப் பிள்ளைகளே பழைய துணியிலும் அட்டையிலும் ஆக்க வேண்டும். வேடம் களையுமுன் அவையோர் கேட்கும் வினாக்களுக்கு அப்பிள்ளைகளே விடை சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிடின் மீண்டும் நூலைத் திறக்கட்டும். அவ்வாறு திறக்கப்படும் நூல் எளிதில் மூடப்படுவதில்லை.

மனுவுருவாதலை நம்பும் மக்கள் நாம். உண்மை உடலெடுத்து நம்மிடையே வந்தது என்று அறிக்கையிடும் நமக்கு, உண்மையை உடலால் கற்பது அந்நியமாகாது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் ஆண்டு விழாக்கள் நடைபெறுகின்றன. திரைப்படப் பாடலுக்கு ஆடும் நேரத்தில் ஒரு கால் மணியை இதற்கு ஒதுக்கலாம். முன்வரிசையில் சிறப்பு விருந்தினரோடு, தொழிற்சாலைச் சுவரை ஒட்டி வாழும் தாய்மாருக்கும் இடம் தருவோம். தம் பிள்ளைகளின் வாயிலிருந்து அவர்கள் அன்று கற்பது, ஏதேனும் ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் உயிரைக் காக்கக் கூடும்.