வாயிற்கதவும் சட்டமும்

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒரு நாள், அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, போலீசார் அதை மீறியே வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டான். "நாளை சொல்கிறேன்" என்று கூறி அமரச் செய்தேன். அன்றிரவு நூல்களைப் புரட்டியபோதுதான், அவ்வினாவுக்கு விடை காண அந்நாட்டாருக்கே 170 ஆண்டுகள் ஆயின என்பதை உணர்ந்தேன்.

நேயர்களே, அத்திருத்தத்தின் வேர் குடியேற்ற நாட்களில் இருக்கிறது. கள்ளச் சரக்கைத் தேடும் சுங்க அதிகாரிகளுக்கு ஆங்கிலேய அரசு பொது ஆணைகளை வழங்கியிருந்தது. எந்த வீடு, என்ன பொருள் என்று அவற்றில் குறிப்பிட வேண்டுவதில்லை. மன்னர் இறந்தபின் ஆறு திங்கள் வரையிலும் அவை செல்லும். இரண்டாம் ஜார்ஜ் 1760இல் மறைந்ததும் புதிய ஆணைகள் கோரப்பட்டன. 1761இல் பாஸ்டன் நகர வணிகர்களுக்காக, அரசுப் பதவியைத் துறந்து வாதாடினார் ஜேம்ஸ் ஓட்டிஸ். வழக்கில் அவர் தோற்றார். ஆனால் அவர் மூட்டிய கனல் அவியவில்லை.

1791இல் நான்காம் திருத்தம் நிறைவேறியது. தக்க காரணம் வேண்டும். அது சத்தியத்தால் உறுதிப்பட வேண்டும். சோதிக்கும் இடமும் கைப்பற்றும் பொருளும் வாரண்டில் குறிக்கப்பட வேண்டும். எனினும், மீறினால் என்ன என்பதை அது சொல்லவில்லை. முறைகேடாகக் கைப்பற்றிய சான்றை மத்திய நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று 1914இல் தீர்ப்பாயிற்று. மாநிலங்களுக்கு அத்தடை இல்லை.

1957இல் கிளீவ்லாந்து நகரில் டால்ரி மேப் என்ற பெண்மணி, வாரண்டு இல்லாத போலீசாருக்குக் கதவைத் திறக்க மறுத்தார். அவர்கள் கதவை உடைத்து நுழைந்து, ஒரு தாளைக் காட்டினர். பின்னர் விசாரணையில் எந்த வாரண்டும் தாக்கல் செய்யப்படவில்லை. தேடி வந்ததை விட்டு, ஆபாச நூல்கள் கிடைத்தன என்று அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். 1961இல் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. 1914இன் விதி மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்றது.

மறுநாள் இதைச் சொன்னதும் அம்மாணவன், "அப்படியானால் உண்மைக் குற்றவாளியும் தப்பிவிடுவானே?" என்றான். ஆம், சில வேளை தப்புவான். அதனாலேயே 1984இல், வாரண்டை நல்லெண்ணத்துடன் நம்பிச் செயற்பட்ட போலீசாருக்கு அந்நீதிமன்றம் விலக்கு அளித்தது. ஆயினும் அவனிடம் நான் கூறியது இதுவே: காவலர் மீறினும் பயன் பெறலாம் என்றால், அச்சட்டம் ஏட்டில் மட்டுமே இருக்கும், நிரபராதியின் கதவையும் காவாது.