ஒல்லாந்தர் வழியிற் பிறந்த மனச்சாட்சி

மலாக்காக் கோட்டையை 1641-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த ஒல்லாந்தரை நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதே வியாபாரக் கம்பெனியார் 1652-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் முனையிலும், 1656-இல் கொழும்பிலும் கொடி நாட்டியதைச் சேர்த்துப் பார்ப்பவர் சிலரே. கேப்பில் குடியேறியோரின் சந்ததியார் ஆப்பிரிக்கானர் என்று பெயர் பூண்டு, ஒல்லாந்த மொழியினின்று கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் மொழியைப் பேசி, நாளடைவில் அந்நாட்டை ஆளும் வகுப்பினர் ஆயினர். இலங்கையில் தங்கியோரின் சந்ததியார் பறங்கியர் எனப்பட்டனர். அவர்கள் ஆளவில்லை, உத்தியோகம் பார்த்தனர்.

1948-ஆம் ஆண்டை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். அவ்வாண்டு மே மாதம் 26-ஆம் நாள் மலான் என்பவரின் தேசியக் கட்சி தென்னாப்பிரிக்காவில் வெற்றி பெற்று, நிறபேதத்தைச் சட்டமாக்கத் தொடங்கிற்று. மூன்று மாதத்துக்குள், அவ்வாண்டுதான் விடுதலை பெற்ற இலங்கையின் பார்லிமெண்டில் பிரஜாவுரிமை மசோதா நிறைவேறிற்று. இரண்டிலும் சர்க்கார் பேனாவால் மனிதரைப் பிரித்தது.

இத்தகைய வேளைகளில் அடிபட்டவன் கூவினால் அழுகை என்பார்கள். அடிக்கும் கூட்டத்திற் பிறந்தவனே கூவினால் துரோகம் என்பார்கள். துரோகி என்ற பட்டத்தை விரும்பி ஏற்றவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தனர். பிராம் பிஷர் ஆப்பிரிக்கானரின் உயர்குடியிற் பிறந்தவர். பாட்டனார் ஆரஞ்சு நதிக் குடியேற்ற நாட்டின் பிரதம மந்திரி. அவ்வழக்கறிஞர் ரிவோனியா வழக்கில் மண்டேலாவுக்காக வாதாடி, பின்னர்த் தாமே தலைமறைவாகி, 1966-இல் ஆயுட்சிறை பெற்றார். 1975-இல் புற்றுநோயால் மாண்டபோது, அவர் சாம்பலையும் சிறைச்சாலை இலாகாவிடமே திருப்பித் தரவேண்டுமென உத்தரவாயிற்று! செத்தவன் சாம்பலுக்கு அஞ்சிய அரசை என்னென்பது?

இங்க்ரிட் யோங்கர் என்ற பெண் கவியின் கதை வேறு. அவள் தந்தை தேசியக் கட்சியின் பார்லிமெண்ட் அங்கத்தினர். நூல்களைத் தணிக்கை செய்யும் சட்டத்துக்கான கமிட்டிக்குத் தலைவர். மகளோ 1960-இல், நியாங்காவில் தாயின் கையிலிருந்த கறுப்பினக் குழந்தையொன்றைப் பட்டாளத்தார் சுட்டதைப் பற்றிப் பாடினாள். 1965-இல் கடலில் மூழ்கி உயிர் நீத்தாள். 1994 மே 24-ஆம் நாள், புதிய பார்லிமெண்டில் மண்டேலா தம் உரையில் வாசித்தது அப்பாட்டைத்தான்.

இனி இலங்கைக்கு வருவோம். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியாகிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களைப் பெற்றது. தலவாக்கொல்லையில் வென்றவர் சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்திற் பிறந்து தோட்டத்தைப் பாடிய கவி. மறு ஆண்டே மசோதா வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்று தாளில் காட்ட வேண்டும். இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்திற் பிறந்தவனுக்கு முப்பாட்டனின் பிறப்புப் பத்திரம் ஏது? ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் நாடற்றவராயினர். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. ரவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் செக்ரோல் எழுதும் கிராணி நான். ஏட்டில் ஒரு பெயரைக் கோடிட்டு அடித்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதை எவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

இம்மசோதாவை எதிர்த்தோர் யார் என்று பார்ப்போமாயின் வியப்பே எஞ்சும். சிங்களவரான தோழர்கள் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எதிர்த்தனர். கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் எதிர்த்தார். அவர் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமோ முதல் மசோதாவை எதிர்த்தும், மந்திரிப் பதவி பெற்றபின் அடுத்துவந்த இந்திய பாகிஸ்தானியர் மசோதாவை ஆதரித்தார். செல்வநாயகம் அவரை விட்டுப் பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சி கண்டது இதனாலேயே. இனத்தின் பெயரைச் சொல்லுவோரெல்லாம் இனத்துக்காக நிற்பவரல்லர்.

தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்கு உதவின. ஆகையால் அது மனச்சாட்சியன்று, கணக்கே என்பார் உண்டு. வாக்கு பறிபோனபின் அந்தக் கணக்கு ஏது? 1956-இல் சிங்களம் ஒன்றே ஆட்சி மொழி என்ற சட்டத்தையும் அத்தோழர்கள் எதிர்த்தனர். அதனால் சிங்களரிடையே அவர்கள் பெற்றது நஷ்டமே.

ஆனால் 1964-இல் கொல்வினின் சமசமாஜக் கட்சி மந்திரிசபையிற் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று. அம்மக்களை ஒரு வார்த்தை கேட்டவரில்லை. 1970-இல் கொல்வின் அரசியல் சட்ட மந்திரியும் தோட்டத் தொழில் மந்திரியும் ஆனார். கெனமன் வீடமைப்பு மந்திரி. 1972 மே 22-ஆம் நாள் வந்த புதிய அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதலிடம் தந்தது. சிறுபான்மையோருக்குப் பாகுபாடு செய்யக்கூடாதென்ற பழைய 29-ஆம் பிரிவு அதிற் காணாமற் போயிற்று. 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் மாண்டனர். 1948-இல் அவர்களுக்காக முழங்கியவரே அப்போது அவர்களுக்கு மந்திரி! வேறெவரும் செய்திருந்தால் இத்தனை மனம் நோகாது.

கவிகளுக்கு மந்திரிப் பதவி எவரும் தருவதில்லை, ஒருவகையில் நல்லதே. கண்டியைச் சேர்ந்த ஜீன் அரசநாயகம் ஒல்லாந்தர் வழிப் பறங்கியர், தமிழரை மணந்தவர். 1983 ஜூலைக் கலவரத்தில் கணவரோடும் மக்களோடும் அகதி முகாமுக்குப் போகநேர்ந்தது. அதற்கு முன்பே கவி எழுதியவர்தாம். அதன்பின் எழுதியவை வேறு கவிகள். அடிபட்டவர் என்று மட்டும் தம்மைப் பாடிக்கொள்ளவில்லை. தம் முன்னோர் கொள்ளைக்கு வந்தவர், அவர்களின் இரத்தம் தம்மிடமும் ஓடுகிறது என்ற விசாரணையையும் அவரே நடத்தினார். யோங்கருக்கு எதிரே தந்தை இருந்தார். இவருக்கு எதிரே முந்நூறு ஆண்டு இருந்தது.

பேசில் பெர்னாண்டோ சிங்களர், வழக்கறிஞர். அதே ஜூலையில் காரை மறித்துத் தமிழ்க் குடும்பமொன்றைக் கொளுத்திய கூட்டத்தைப் பற்றி எழுதினார். குழந்தைகளை மட்டும் வெளியே எடுத்தார்களாம். தகப்பன் இறங்கிவந்து அவர்களைத் தூக்கிக்கொண்டு மீண்டும் காருக்குள் போனானாம். கூச்சலின்றி, சாட்சி சொல்லும் குரலில் அதைச் சொல்லுகிறார். படித்தபின் நெடுநேரம் பேச முடியாது.

2003 அக்டோபரில் இலங்கைப் பார்லிமெண்ட், எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பரில் பத்தே நாட்களில் சுமார் 1,90,000 பேர் தோட்டம் தோட்டமாக வரிசையில் நின்று பதிவு செய்தனர். கொல்வின் 1989-இலும், கெனமன் 1997-இலும் மறைந்துவிட்டனர். தலவாக்கொல்லையில் ஒருமுறை வென்ற வேலுப்பிள்ளையோ 1984-லேயே காலமாகியிருந்தார்.